புதிய ஸ்டார்ட்டர் போட்டும் பல் அரைபடும் சத்தம் நிற்கவில்லை: ஃப்ளைவீலை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பழைய டீசல்

வணக்கம். என்னிடம் 23 ஆண்டுகள் ஓடிய, 4 சிலிண்டர் கொண்ட, கையால் கியர் மாற்றும் டீசல் கார் ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கி ஓட்டிய வண்டி என்பதால் அதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. 2,60,000 கிலோமீட்டர் கடந்த பிறகும் எஞ்சின் புகை தள்ளாமல், ஆயில் குடிக்காமல் நன்றாகவே ஓடுகிறது. இப்போதுள்ள ஒரே குறை ஸ்டார்ட்டரில்தான்.

சாவியைத் திருப்பினால் ஐந்தாறு முறைக்கு ஒரு முறை, எஞ்சின் சுற்றாமல், இரும்பை இரும்பு அரைப்பதுபோல் 'கர்ர்' என்று காதைக் கிழிக்கும் சத்தம் வருகிறது. உடனே சாவியை விட்டுவிட்டு மறுபடி திருப்பினால் சில வேளைகளில் பிடித்துக்கொள்கிறது, சில வேளைகளில் அதே சத்தம் மீண்டும் வருகிறது. அப்படிப் பிடிவாதம் செய்யும்போது வண்டியை ஐந்தாவது கியரில் போட்டு முன்னும் பின்னும் கையளவு தூரம் ஆட்டிவிட்டு, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து திருப்பினால் தவறாமல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

14 மாதங்களுக்கு முன்பு இதே சத்தத்துக்காக ஒரு பட்டறையில் ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்தது. பிறகு சத்தம் மெல்லத் தலைகாட்டியதால், போட்ட ஸ்டார்ட்டரில் குறை என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். இப்போது அதுவும் அதே நிலைக்கு வந்துவிட்டது. மூன்றாவது ஸ்டார்ட்டர் போடலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். வேறொருவர், கியர்பாக்ஸை இறக்கி எஞ்சினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையே மாற்ற வேண்டும் என்கிறார்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பே ரிங் கியர் (ஃப்ளைவீலின் விளிம்பில் உள்ள பல் வளையம்) தேய்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா? தேய்ந்திருந்தால் ரிங் கியரை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது ஃப்ளைவீல் முழுவதையும் மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பட்டறைவாசி

நண்பரே, மூன்றாவது ஸ்டார்ட்டரை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான விடையின் பாதி, நீங்கள் விளங்கவில்லை என்று எழுதிய அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. வண்டியைக் கியரில் போட்டு ஆட்டினால் சத்தம் போய்விடுகிறது என்றால், அந்த ஆட்டத்தில் ஃப்ளைவீல் சில பற்கள் தள்ளி நகர்ந்து, ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரமான பினியனுக்கு எதிரே தேயாத பற்கள் வந்து நிற்கின்றன என்று பொருள். மோட்டாரிலோ, பினியனைத் தள்ளும் மின்காந்தமான சோலினாய்டிலோ மட்டும் குறை இருந்தால், வண்டியை எவ்வளவு ஆட்டினாலும் அதற்கு ஒரு வேறுபாடும் தெரியாது.

ரிங் கியர் சுற்றளவு முழுவதும் சீராகத் தேய்வதில்லை. எஞ்சினை அணைக்கும்போது அது தன் வேகத்திலேயே சில சுற்றுகள் ஓடி, கடைசியில் கம்ப்ரஷனுக்கு (காற்றை அமுக்குவதற்கு) ஏறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு பிஸ்டனை மேலே தள்ளி முடிக்கும் வலுவில்லாமல், கொஞ்சம் பின்வாங்கி நின்றுவிடும். 4 சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு பிஸ்டன் கம்ப்ரஷனுக்கு வருவதால், நிற்கும் இடமும் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களாக அமைந்துவிடும். 6 சிலிண்டரிலும் 3 சிலிண்டரிலும் அது மூன்று இடங்களாகவும், 5 சிலிண்டரில் ஐந்து இடங்களாகவும் இருக்கும். ஆகவே ஆயிரக்கணக்கான முறை பினியன் வந்து முட்டுவதும், முதல் கம்ப்ரஷனைத் தாண்டும் மிகப் பெரிய சுமையைத் தாங்குவதும் அதே சில பற்கள்தாம். பழைய டீசல் எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதம் 20:1ஐ ஒட்டி இருப்பதால், அந்தச் சுமை பெட்ரோல் எஞ்சினைவிட அதிகம்.

பினியன் உள்ளே நுழையும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் சோலினாய்டு ஒரு கவையின் மூலம் பினியனை ரிங் கியரை நோக்கித் தள்ளும். பல்லும் இடைவெளியும் நேராக அமைந்தால் அது அப்படியே உள்ளே போய்விடும். பல்லின் முகத்தில் பல் முட்டிக்கொண்டால், பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அமுங்கிக்கொள்ளும். அதற்குள் சோலினாய்டின் முனைகள் தொட்டு மோட்டார் திரும்பத் தொடங்க, பினியன் சற்றே சுழன்று அடுத்த இடைவெளியில் விழும். இப்படி விழ உதவுவதற்காகவே பற்களின் முன் ஓரம் சரிவாகச் சீவப்பட்டிருக்கிறது. அந்தச் சரிவு மழுங்கி, ஓரத்தில் பிசிறு எழும்பிவிட்டால், பினியன் விழ இடம் கிடைக்காமல் பல்லின் முகத்திலேயே உரசிக்கொண்டு சுற்றும். நீங்கள் கேட்கும் சத்தம் இதுதான். ஒவ்வொரு முறை அது கேட்கும்போதும் ரிங் கியரும் புதுப் பினியனும் சேர்ந்தே தேய்கின்றன. உங்கள் இரண்டாவது ஸ்டார்ட்டர் இப்படித்தான் கெட்டிருக்க வேண்டும்.

சத்தங்களைப் பிரித்தறிவது முக்கியம். எஞ்சின் சுற்றாமல் மோட்டார் மட்டும் 'விர்ர்' என்று வழுக்கிக்கொண்டு சுற்றினால், பினியனின் ஒருவழிக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பலரும் பென்டெக்ஸ் என்று சொல்லும் பாகம் அது. ஒரே ஒரு 'டக்' ஒலியோடு அமைதியானால் சோலினாய்டின் செம்பு முனைகளையோ பேட்டரியையோ பார்க்க வேண்டும். 'டக டக டக' என்று துடித்தால் பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை. அரைபடும் சத்தம் மட்டுமே பல்லைச் சுட்டுகிறது.

கியர்பாக்ஸை இறக்காமலே பார்க்கலாம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கேபிளில் பெரும்பாலும் ஃப்யூஸ் கிடையாது என்பதால் ஸ்பேனர் உடலில் பட்டால் ஆபத்து. வண்டி உருளாமல் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அந்தத் துளை வழியாக ரிங் கியரின் ஏழெட்டுப் பற்கள் தெரியும். துணியால் துடைத்து, ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, எஞ்சினின் முன்முனையில் உள்ள கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு, குறி மீண்டும் வரும்வரை ஒவ்வொரு பல்லையும் எண்ணிப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் இல்லாமல் ஒரு கையாலேயே திருப்பலாம். கண்ணால் பார்த்தால் போதாது, விரலையும் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கையையும் தேய்ந்த இடங்களையும் எழுதினால் அடுத்ததைச் சொல்லலாம்.

பதில்: ஆர்மேச்சர்

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனாலும் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ரிங் கியரைப் பார்க்கும் அதே நேரத்தில் வேறு ஒன்றையும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இரண்டு ஸ்டார்ட்டர்கள் அடுத்தடுத்துக் கெட்டன என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, தண்டைத் தாங்கும் குழல் போன்ற புஷ்தான்.

ஸ்டார்ட்டரின் தண்டு முன்முனையில் ஒரு வெண்கலப் புஷ்ஷில் அமர்ந்து சுழல்கிறது. பல ஸ்டார்ட்டர்களில் அந்தப் புஷ் ஸ்டார்ட்டரின் மூக்குப் பகுதியிலேயே இருக்கும். ஆனால் சில பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டருக்கு மூக்கே கிடையாது. தண்டின் முனை நேராகக் ஃப்ளைவீலை மூடியிருக்கும் கூடான, கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில் உள்ள புஷ்ஷுக்குள் நுழையும். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை புதிய ஸ்டார்ட்டர் போட்டாலும், 2,60,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த அந்தப் பழைய புஷ் அங்கேயே இருக்கும். தண்டு அதில் தள்ளாடும், பினியன் சாய்ந்து பல்லின் ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும், மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரும் அதைச் சுற்றியுள்ள காந்தப் போல்களில் உரசும். புதிய ஸ்டார்ட்டர் சில மாதங்களில் பழையதாகிவிடும். கழற்றிய ஸ்டார்ட்டரின் ஆர்மேச்சரில் ஒரு பக்கம் பளபளவென்று உரசிய தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தப் புஷ் துளைகள் கொண்ட வெண்கலம். தூளை அழுத்திச் சுட்டுச் செய்வதால் அதன் உடலெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றில் ஊறியிருக்கும் ஆயில்தான் அதற்கு ஆயுள். எனவே புதிய புஷ்ஷை ஓரிரவு எஞ்சின் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். உள்விட்டம் இறுக்கமாக இருக்கிறது என்று ரீமர் விட்டுக் குடையாதீர்கள், நுண்துளைகள் அடைபட்டுவிடும். பழையதை எடுப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. மறுபக்கம் மூடிய துளையாக இருந்தால், புஷ்ஷுக்குள் கெட்டியாகக் கிரீஸை அடைத்து, உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் கம்பி ஒன்றை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸ் போக வழியில்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும்.

எர்த் கேபிளையும் சோதியுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலிருக்க டீசல் பம்பிலுள்ள ஸ்டாப் சோலினாய்டின் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் மறுமுனையை ஸ்டார்ட்டரின் உடலிலும் வைத்து, ஒருவரை ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பாசிட்டிவ் பக்கம் 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியின் முனைகளில் அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மின்னழுத்தம் குறைந்தால் சோலினாய்டு பினியனை முழுவதுமாக உள்ளே தள்ளி நிறுத்திப் பிடிக்க முடியாமல் விட்டுவிட்டுத் தள்ளும். அந்த அரைகுறைக் கடிதான் பல்லின் ஓரத்தை உடைக்கிறது.

பழைய டீசல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள் விடுமுறையில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் கண்முன்னே இருந்தது.

ரிங் கியரில் மொத்தம் 130 பற்கள். சுண்ணக்கட்டிக் குறியிலிருந்து எண்ணியபோது 22ஆவது பல்லில் தொடங்கி 30 வரை ஒன்பது பற்கள் கெட்டிருந்தன. அங்கிருந்து அரைச் சுற்று தள்ளி, 88இலிருந்து 95 வரை எட்டுப் பற்கள் கெட்டிருந்தன. மற்ற பற்களில் விரலை வைத்தால் ஓரத்தின் சரிவு வழுவழுப்பாகத் தெரிகிறது. இந்தப் பதினேழிலும் சரிவே இல்லை. 25, 26, 27 ஆகிய மூன்று பற்கள் ஸ்டார்ட்டர் பக்கமாகக் கூம்பி, பென்சில் முனைபோல் மெலிந்து, ஓரத்தில் எழும்பிய பிசிறு துடைத்த துணியைக் கிழித்தது. பெல் ஹவுசிங்கின் அடியில் வெள்ளி நிறத்தில் இரும்புத் தூள் படிந்திருந்தது. காந்தத்தை விட்டபோது தாடிபோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வண்டியும் மூக்கில்லாத ஸ்டார்ட்டர் வகைதான். பெல் ஹவுசிங்கில் இருந்த புஷ், வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. தண்டை உள்ளே விட்டு ஆட்டினால் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. இரண்டு முறை ஸ்டார்ட்டர் மாற்றியும் அந்தப் புஷ்ஷை ஒருவரும் தொடவில்லை என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது. எர்த் பக்கம் 0.9 வோல்ட் காட்டியது. பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் பட்டையின் நுனி பச்சை பூத்து, தொட்டதும் பாதி இழைகள் உதிர்ந்துவிட்டன.

இனிக் கியர்பாக்ஸை இறக்காமல் முடியாது என்பது தெளிவாகிவிட்டது. ரிங் கியரை மட்டும் மாற்றுவது நம்பகமான வேலைதானா? இன்னும் ஒரு மாதம், பிடிக்காதபோது கியரில் ஆட்டிச் சமாளித்து ஓட்டலாமா?

பதில்: கடைசல்காரர்

ரிங் கியரை மட்டும் மாற்றுவது மிகவும் நம்பகமான வேலை. ஆனால் முதலில் உங்கள் ஃப்ளைவீல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே வார்ப்பாக இருக்கும் சாதாரண ஃப்ளைவீல் என்றால் நான் கீழே சொல்வது பொருந்தும். இரண்டு துண்டாக, நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகளும் கிரீஸும் வைத்து மூடிய இரட்டைப் பொருண்மை ஃப்ளைவீலாக இருந்தால் அதைச் சூடாக்கும் வேலையே வேண்டாம். 1985இல் லூக் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய இந்த வகை, குறைந்த வேகத்தில் டீசல் எஞ்சின் தரும் அதிர்வைக் கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் தடுப்பதற்காகப் பின்னர் பல டீசல் கார்களிலும் இடம்பிடித்தது. அதன் உள்ளே உள்ள கிரீஸ் வெப்பத்தில் உருகிக் கெட்டுவிடும். அந்த வகையில் எஞ்சினை அணைக்கும்போது 'கடகட' என்று ஒரு குலுக்கல் கேட்டால் ஃப்ளைவீலே தேய்ந்திருக்கிறது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

சாதாரண ஃப்ளைவீலில் ரிங் கியர் வெறும் இறுக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வளையத்தின் உள்விட்டம் ஃப்ளைவீலின் வெளிவிட்டத்தைவிட மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்குக் குறைவாகக் கடையப்பட்டிருக்கும். 270 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையத்தின் வெப்பம் 200 டிகிரி கூடினால், விட்டம் ஏறத்தாழ 0.65 மி.மீ. விரியும். அந்த விரிவு இருக்கும் சில விநாடிகளுக்குள் வளையத்தை இடத்தில் இறக்கிவிட வேண்டும். குளிர்ந்ததும் அது ஃப்ளைவீலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

பழைய வளையத்தை எடுக்க, இரண்டு பற்களுக்கு நடுவே, வளையத்தின் தடிமனுக்குள் மட்டும், ஃப்ளைவீலைத் தொடாமல் ஒரு துளை போட்டு, அந்த இடத்தில் உளியை வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தால் 'டப்' என்று வெடித்துப் பிரிந்துவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். பிறகு வளையம் உட்காரும் விளிம்பைத் துடைத்து, பிசிறில்லாமல் செய்துகொள்ளுங்கள். அங்கே ஒரு தூசு இருந்தாலும் வளையம் சாய்ந்து உட்காரும்.

புதியதைச் சூடாக்குவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வெல்டிங் டார்ச்சை ஓரிடத்தில் பிடித்து வாட்டினால் அந்த இடத்துப் பற்களின் கடினத்தன்மை இறங்கிவிடும், ஓராண்டில் மீண்டும் தேய்ந்துபோகும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின் அடுப்பில் வைத்து 220 டிகிரி வரை சீராகச் சூடாக்குவதே சிறந்தது. அடுப்பு இல்லாமல் டார்ச்தான் என்றால், சுடரை வளையத்தின் உட்பக்கத்தில் காட்டி, ஓரிடத்திலும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோலின் வெளிர்மஞ்சள் தெரிந்ததும் நிறுத்துங்கள். நீலம் ஏறிவிட்டால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள், அந்த வளையத்தைப் போடக் கூடாது. சரிவு சீவிய ஓரம் ஸ்டார்ட்டரின் பினியன் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சூடாக்குவதற்கு முன்பே குறித்துவையுங்கள். கையில் சூடான வளையத்தோடு யோசிக்க நேரம் இருக்காது. இறங்கியதும் சுற்றிலும் பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டி முழுமையாக உட்கார்ந்திருப்பதை உறுதி செய்து, தானாகக் குளிர விடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

புதிய வளையம் கிடைக்காத மிகப் பழைய வண்டிகளில், பழையதையே சூடாக்கிக் கழற்றி, கால் சுற்று திருப்பி மறுபடி போடும் பழக்கமும் உண்டு. 4 சிலிண்டரில் தேய்ந்த இரண்டு இடங்களும் எதிரெதிரே இருப்பதால், 90 டிகிரி திருப்பினால் தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது நானும் செய்திருக்கிறேன், நன்றாகவே உழைத்தது. ஆனால் வளையத்துக்குப் பதிலாக ஃப்ளைவீலையே கிராங்கில் திருப்பிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டீசல் பம்பின் டைமிங் (டீசலைப் பீய்ச்சும் நேரம்) பார்க்கும் குறி பல எஞ்சின்களில் ஃப்ளைவீலில்தான் இருக்கிறது. குறியும் சமநிலையும் இரண்டுமே கெடும். தேய்ந்த பற்களில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிச் சரிசெய்வதும் வேண்டாம். வெல்டிங் பட்ட பல் ஒரு நாள் உடைந்து பெல் ஹவுசிங்குக்குள் விழும்.

கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்கின் பின் ஆயில் சீலையும் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் வகையாக இருந்தால் புதியவை போட்டு, வண்டியின் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே இறுக்குங்கள்.

பதில்: பட்டறைவாசி

ஒரு மாதம் ஓட்டலாமா என்ற கேள்விக்கு என் பதிலைச் சொல்கிறேன். புஷ்ஷையும் எர்த் பட்டையையும் உடனே மாற்றிவிட்டு, அரைபடும் சத்தம் வந்த அதே நொடியில் சாவியை விட்டுவிடுவீர்கள் என்றால் ஓட்டலாம். சத்தத்தோடு பிடித்துவைத்து, எப்படியாவது விழட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புதிய பினியனை மட்டும் இப்போது வாங்கிப் போடாதீர்கள். இருக்கும் பினியனோடு ஓட்டி, ரிங் கியர் மாற்றும் அன்று பினியனையும் சேர்த்து மாற்றுங்கள். கெட்ட பல்லோடு புதுப் பல்லைப் பழகவிட்டால் புதியதும் கெட்டதன் வடிவத்துக்கே தேய்ந்துவிடும்.

அதோடு, இந்தப் பற்கள் ஏன் இவ்வளவு அடிபட்டன என்பதையும் தேடுங்கள். பழைய டீசலில் நான் அதிகம் காணும் காரணம் ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்றோ இரண்டோ செத்திருந்தால், குளிர்ந்த எஞ்சினில் ஒரு சிலிண்டர் மட்டும் பற்றி, மற்றவை பற்றாமல், எஞ்சின் இரண்டு உதை உதைத்துவிட்டு அணையும். ஓட்டுபவர் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சாவியை விடுவார், அணைவது தெரிந்ததும் உடனே மறுபடி திருப்புவார். அப்போது ஃப்ளைவீல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும் பற்களில் பினியன் போய் மோதினால் என்ன ஆகும் என்று உங்கள் 26ஆவது பல்லே சொல்லும். ஆகவே ஒருமுறை பற்றாமல் போனால், எஞ்சின் முற்றிலும் நின்ற பிறகு மூன்று நான்கு விநாடி எண்ணிவிட்டுத்தான் அடுத்த முறை திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் அரை நிமிடமாவது மோட்டாரை ஆற விடுங்கள்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது எளிது. இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் நுனிக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும், இறந்தது எதையும் காட்டாது. டீசல் பம்பின் டைமிங் முன்னே தள்ளியிருந்தாலும் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைத் தாங்குவதும் இதே பற்கள்தாம் என்பதால், பெல்ட் மாற்றியபோது டைமிங் சரியாக வைக்கப்பட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டீசல்

வேலை முடிந்துவிட்டது. ஃப்ளைவீல் ஒரே வார்ப்பாக இருந்தது பெரிய நிம்மதி. புஷ்ஷும் எர்த் பட்டையும் அன்றே மாறின. ஐந்து வாரம் கழித்துக் கியர்பாக்ஸை இறக்கி, கடைசல் பட்டறை ஒன்றில் என் கண்முன்னேயே புதிய வளையத்தை அடுப்பில் சூடாக்கி ஏற்றினார்கள். வளையம் விளிம்பில் விழுந்தபோது ஒரு சத்தமும் இல்லை. பத்து விநாடி கழித்து அசைத்துப் பார்த்தால் அசையவில்லை. கிளட்ச் பிளேட், பின் ஆயில் சீல், பினியன் ஆகியவையும் மாறின. ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு முற்றிலும் இறந்திருந்தன, நான்கையும் மாற்றினேன். எர்த் பக்கம் இப்போது 0.15 வோல்ட் காட்டுகிறது. காலையில் முதல் அரைச் சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொள்கிறது.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. ஸ்டார்ட் ஆனவுடன், சாவியை விட்ட பிறகு, அரை விநாடி அளவுக்கு 'ஸ்ஸீங்' என்று மெல்லிய ஓசை ஒன்று வந்து அடங்குகிறது. முன்பு இது இருந்ததாக நினைவில்லை.

பதில்: ஆர்மேச்சர்

நல்ல செய்தி. அந்த ஓசை, எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் பினியன் சற்றுத் தாமதமாகப் பின்வாங்குவதால் வருகிறது. உங்கள் ரிங் கியரில் 130 பற்கள், பினியனில் 10 பற்கள் என்றால், எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போது பினியன் நிமிடத்துக்கு 10,400 முறை சுற்றும். ஒருவழிக் கிளட்ச் அதை மோட்டாருக்குப் போகவிடாமல் காக்கிறது. ஆனாலும் அதை நெடுநேரம் தாங்க வைக்கக் கூடாது.

பினியனை மாற்றியபோது தண்டின் திருகுப் பள்ளங்களில் கிரீஸைத் தாராளமாகப் பூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைப் பெட்ரோல் தோய்த்த துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, மெல்லிய ஆயில் இரண்டு சொட்டு மட்டும் விட்டு, பினியனைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். தடித்த கிரீஸில் கிளட்ச் பிளேட்டின் தூள் படிந்து பசைபோல் இறுகிவிடும். துடைக்கும்போது பினியனின் கிளட்ச் உடலைப் பெட்ரோலில் முக்கிவிடாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்துபோகும், அதைத் திரும்ப நிரப்ப வழி கிடையாது. துடைத்த பிறகும் ஓசை தொடர்ந்தால், சோலினாய்டின் திரும்பும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய டீசல்

ஐயா, நீங்கள் சொன்னபடியே இருந்தது. பள்ளங்களில் கருப்புப் பசைபோல் கிரீஸ் அப்பியிருந்தது. துடைத்து இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் போட்டேன். இன்று காலையும் மாலையும் ஸ்டார்ட் செய்தபோது அந்த ஓசை கேட்கவில்லை.